வெப்பநாளில் நெடுந்தொலைவு ஓட்டம்: வழித்துணைவரின் கடமை

தோற்றுவாய்

சங்க காலத்து உமணர் உப்பு வண்டிகளோடு நெடுவழி சென்றபோது, அச்சு முறியக்கூடும் என்றெண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர். ‘சேம அச்சு’ என்பது அதன் பெயர். புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினிக்கு இதனையே உவமையாக்கினார். வங்கக் கடலுக்கும் எண்ணூர்க் கழிக்கும் அருகே, உப்பளங்களை நன்கறிந்த காத்திவாக்கம் மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதனைக் குறித்த நேரத்தில் முடிக்க விரும்புவோர்க்குச் சீரான வேகத்தைக் காட்டி உடன் ஓடுபவர் ‘பேசர்’ எனப்படுவார். அவரை வழித்துணைவர் என்போம். அவர் அக்கூட்டத்தின் சேம அச்சு ஆவார்.

வெப்பத்தின் இயல்பு

உடல் வியர்வையால் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். ஆவியாகாது சொட்டும் வியர்வையால் இப்பயன் இல்லை. கடலோரத்தில் வைகறைக் காற்று குளிர்ந்திருப்பினும் ஈரம் மிகுந்தது. ஆதலின் வெப்பமானியை மட்டும் நம்புவோர் ஏமாறுவர்.

1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலிலும் புழுதியிலும் ஓடிய 32 பேரில் 14 பேரே ஓட்டத்தை முடித்தனர். 2019-இல் தோகா நகரில் மகளிர் மாரத்தானை நள்ளிரவில் நடத்தியும், ஓடிய 68 பேரில் 28 பேர் இடையில் நின்றனர். உலகின் தலைசிறந்த வீராங்கனையர்க்கே இந்நிலையெனில், ஏனையோர் எச்சரிக்கையாக இருத்தல் இன்றியமையாதது.

ஆயத்தம்

முதலாவது, வழித்துணைவர் தம் ஆற்றலுக்குக் குறைந்த வேகத்தையே ஏற்க வேண்டும். நான்கரை மணியில் ஓடி முடிக்க வல்லவர் ஐந்து மணிக் குழுவுக்குத் துணையாகலாம். அப்பொழுது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 நிமிடம் 6 வினாடி ஆகும். எஞ்சும் ஆற்றல் பிறரைக் கவனிப்பதற்கு உரியது.

இரண்டாவது, உடலை வெப்பத்திற்குப் பழக்க வேண்டும். பத்து முதல் பதினான்கு நாள், நாளும் ஒரு மணியளவு வெப்பத்தில் மெல்ல ஓடினால், குருதியின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை விரைந்து தொடங்கும். அதில் உப்பிழப்புக் குறையும். சில வாரம் விட்டுவிட்டால் இப்பழக்கம் மறையும். ரமலானில் நோன்பிருப்போர் பகலில் இப்பயிற்சியைத் தவிர்த்தல் நலம். நோன்பு துறந்து நீரும் கஞ்சியும் அருந்தியபின் இரவில் எளிய ஓட்டமே போதும்.

மூன்றாவது, இடமறிந்து பயில வேண்டும். கன்டெய்னர் லாரிகள் செல்லும் எண்ணூர் விரைவுச் சாலை பயிற்சிக்கு ஏற்றதன்று. 2023 திசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறியதை மறத்தல் ஆகாது. காற்றில் நெடி தோன்றினால் அன்றைய பயிற்சியைக் கைவிடுவதே அறிவுடைமை.

ஓடும்போது

தொடக்கத்தில் விரைந்து, பின்னர் தளர்தல் பெரும்பிழை. உடன் ஓடுவோர் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்தல் எளிய சோதனை. நீர்ப்பந்தல்தோறும் சற்று நடந்து அருந்தச் செய்க. எனினும் அளவு மீறலாகாது. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பெற்ற 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூவர்க்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. மிகுதியாக நீர் அருந்தியமை அதற்கு முதன்மைக் காரணம். தாகமே தக்க அளவுகோல்.

ஒருவர் தடுமாறினாலோ, வினாவுக்குப் பொருந்தாத விடை கூறினாலோ, அது வெறும் களைப்பன்று. வெப்பத் தாக்காக இருக்கலாம். அவரைத் தனியே விடாது மருத்துவக் குழுவை அழைத்தல் வேண்டும். குளிர்நீரில் அமிழ்த்தியோ, நீர் ஊற்றி விசிறியோ முதலில் உடலைக் குளிர்வித்தல் வேண்டும். மருத்துவமனைப் பயணம் அதன் பின்னரே.

கொடியா, உயிரா?

வழித்துணைவர் ஏந்தும் கொடியில் முடிவு நேரம் எழுதப்பட்டிருக்கும். அன்றைய வெப்பம் மிகுமாயின் அந்நேரத்தைத் தளர்த்துவதென ஓட்டம் தொடங்குமுன்னரே அமைப்பாளர்க்கும் குழுவினர்க்கும் அறிவித்தல் கடமை. ஓடும் வேளையில் எழும் தன்மானம் நல்ல முடிவை எடுக்க விடாது.

தொழுகையை மிக நீட்டிய முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். பின்னே நிற்போரில் முதியோரும் மெலிந்தோரும் உளர் என்பதே காரணம். வழிபாட்டிலேயே தலைவர் பிறர் ஆற்றலை எண்ணிப் பார்க்க வேண்டுமெனில், விளையாட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

முடிபு

2012-இல் தொடங்கிய சென்னை மாரத்தானில் இன்று இளைஞரும் முதியோரும் கலந்து ஓடுகின்றனர். வடசென்னை மாணவரும் அதில் வழித்துணைவராக முன்வர வேண்டும். முந்திச் செல்லும் ஆற்றல் இருந்தும் உடன் செல்வது எளிய பண்பன்று. குறித்த நேரம் தவறினால் அடுத்த ஆண்டு அதனை எட்டலாம். ஓடியவர் அனைவரும் நலமாக இல்லம் திரும்பினர் என்பதே வழித்துணைவர் பெறும் வெற்றி.