அறிவியல் முன்னறிவும் ஆறாம் வகுப்பும்

பல தொடக்கப்பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை முடித்த சிறார், ஆறாம் வகுப்பில் ஒரே கரும்பலகையின் முன் வந்து அமர்கின்றனர். அவர்கள் அறிவியலில் எதை அறிந்து வந்துள்ளனர் எனக் காண, தொடக்கத்திலேயே சிறு தேர்வு ஒன்று வைக்கிறோம். நோக்கம் நன்று, வினாக்கள்தாம் நன்றாக இல்லை. 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்று கேட்கிறோம். மனப்பாடம் செய்தவன் எழுதிவிடுகிறான். அவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். எழுதாதவனை மந்தன் என்கிறோம். அப்பெயர் அவனைப் பத்தாம் வகுப்பு வரை தொடர்கிறது. இருவர் உள்ளத்திலும் இருந்த கருத்து யாது என்பதையோ நாம் அறியவேயில்லை.

கற்பவர் முன்பே அறிந்திருப்பதுதான் கற்றலைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். ஆசிரியர் பயிற்சியில் நாம் எழுதிய பாடக்குறிப்பிலும் 'முன்னறிவு' என்றொரு பகுதி இருந்தது. அதனை ஒரு வரியில் நிரப்பிக் கடந்தவர்களே நம்மில் பலர்.

பார்த்தல் என்னும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். எரியும் விளக்கு, புத்தகம், அதனை நோக்கும் சிறுமி ஆகிய மூன்றையும் தாளில் வரைந்து கொடுத்து, சிறுமிக்குப் புத்தகம் தெரிவது எவ்வாறு என அம்புக்குறிகளால் காட்டச் சொல்லலாம். கண்ணிலிருந்து புத்தகத்தை நோக்கி அம்பு இடுவோர் சிலரேனும் இருப்பர். வேறு சிலர் விளக்கிலிருந்து புத்தகத்திற்கு அம்பு இட்டு அத்துடன் நிறுத்திவிடுவர். பல நாட்டுக் குழந்தைகளிடம் ஆய்வாளர் கண்ட கருத்துகளே இவை. தமிழ்க் குழந்தைக்கோ மொழியும் இதற்குத் துணை நிற்கிறது. பார்வையை வீசுகிறோம், கண்ணை ஓட்டுகிறோம், பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிட்டது என்கிறார் பாட்டி.

அக்குழந்தையைக் கண்டு நகைத்தல் தகாது. யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதாகவே கருதினர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் 'கிதாப் அல் மனாழிர்' என்னும் நூலில் அதனை மறுத்தார். கடும் ஒளியை உற்று நோக்கினால் கண் வருந்துகிறதே, வெளியிலிருந்து ஒன்று கண்ணுக்குள் வந்து செயற்படாமல் அவ்வருத்தம் எங்ஙனம் நேரும் என்பது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. இத்தகைய பேரறிஞர் வாதிட்டு விலக்க வேண்டியிருந்த கருத்தைப் பத்து வயதுப் பிள்ளை தானே எண்ணிக்கொண்டு வந்து நிற்குமாயின், அதனை மந்தம் என்பது எவ்வாறு பொருந்தும்? அவனுக்கும் அதே சான்றைக் காட்டலாமே!

மற்றொரு வினா: சிறிதும் ஒளியில்லாத அறையில் நெடுநேரம் இருந்தால் பொருள்கள் தெரியுமா? 'முதலில் தெரியாது, பிறகு தெரியும்' என்று பலர் கூறலாம். இது பொய்யன்று, அவர்கள் இருந்த இருட்டறைகளிலெல்லாம் கதவிடுக்கு ஒன்று இருந்திருக்கும். ஆகவே விடையை மட்டும் கேளாது, 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்றும் கேட்டல் வேண்டும். தயங்கித் தயங்கி எழுதும் பிள்ளையைத் தனியே அழைத்து வாய்மொழியாகக் கேட்பது இன்னும் நன்று. எழுத்துப் பிழை அறிவியல் பிழையாகிவிடக் கூடாது.

நேரமில்லை என்பர். ஒரு பாடவேளை போதும். நாற்பது படங்களை மூன்று கட்டுகளாகப் பிரித்துவிட்டால், ஒளிப் பாடத்தை எங்கே தொடங்குவது என்பது விளங்கிவிடும். தாளில் பெயர் இருக்கலாம், மதிப்பெண் இருத்தலாகாது. பெற்றோர் கேட்பார்கள்தாம், மதிப்பெண் இடாத தேர்வும் உண்டு என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டியதே. பாடம் முடிந்தபின் அதே தாளை அவரவரிடம் திருப்பித் தந்து, வேறு நிற எழுதுகோலால் அம்புகளை மீண்டும் வரையச் சொல்லலாம்.