தோட்டச் சங்கத்தின் ஆண்டு மார்கழியில் தொடங்குகிறது

ஆடி பிறந்ததும் விதைக் கடைகளில் கூட்டம் கூடுகிறது. வீட்டுக் கொல்லையில் தக்காளி போட நினைப்பவர் பத்து கிராம் பொட்டலம் ஒன்றை வாங்கி வருகிறார். அதில் ஏறத்தாழ 3,000 விதைகள் இருக்கும். ஒரு குடும்பத்தின் தேவைக்கு 15 செடிகள் போதும். எஞ்சிய விதை மாடத்தில் கிடந்து, முளைப்புத்திறன் குறைந்து, கடைசியில் குப்பைக்குப் போகிறது. அதே பொட்டலத்தை 25 குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் ஊருக்கே போதும், மிச்சமும் இருக்கும். வீட்டுத்தோட்டத்துக்கு ஊரில் ஒரு சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கையே சொல்லலாம்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய்கறி கிடைக்க 5 சென்ட் நிலம் வேண்டும். பல வீடுகளில் அரை சென்ட்கூட இல்லை என்பது உண்மை. ஆயினும் கிணற்றுமேடு, வரப்பு, வேலியோரம், கூரை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தால் இடம் கிடைத்துவிடும். கிடைக்காமல் போவது விதைதான். 1960-களில் யுனிசெப் முதலிய நிறுவனங்களின் உதவியோடு நம் நாட்டில் நடந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதர் சங்கங்கள் காய்கறித் தோட்டம் போட்டன. அதன் பிறகும் எத்தனையோ திட்டங்களில் விதைப் பொட்டலங்கள் இலவசமாக வழங்கப்பட்டிருக்கின்றன. பொட்டலத்தை நம்பிக் கூடுகிற சங்கம், பொட்டலம் வராத ஆண்டில் கலைந்துவிடும். சொந்த விதை வைத்திருக்கும் சங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே சங்கத்தின் ஆண்டுக் கணக்கை ஆடியில் தொடங்காமல், விதைக்கான செடியைத் தேர்ந்தெடுக்கும் மார்கழியில் தொடங்குவதே சரி.

மார்கழி, தை: செடி தேர்வு

மழை ஓய்ந்து செடிகள் நன்றாகக் காய்க்கும் காலம் இது. சங்க உறுப்பினர்கள் நாலைந்து பேர் ஒரு காலை வேளையில் எல்லா வீட்டுத் தோட்டங்களையும் சுற்றிப் பார்க்க வேண்டும். நோயில்லாமல், அதிகம் காய்த்து, காயும் ருசியாக இருக்கும் செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டி வைக்க வேண்டும். துணி கட்டிய செடியில் கறிக்குப் பறிக்கக் கூடாது. கடைசியில் மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்லதைத் தின்றுவிட்டு நோஞ்சானை விதைக்கு விட்டால், ரகம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துபோகும்.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகங்களில் விதை எடுக்கக் கூடாது. அடுத்த தலைமுறையில் செடிகள் ஒன்றுபோல் வராமல் பலவிதமாகப் பிரிந்துவிடும். பி.கே.எம். 1 தக்காளி, கோ 2 கத்தரி போன்ற ரகங்களிலும் உள்ளூர் நாட்டு ரகங்களிலும் தாராளமாக எடுக்கலாம்.

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். கத்தரி, வெண்டை ஆகியவற்றில் தேனீக்களும் வண்டுகளும் பக்கத்து வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். பச்சைக் கத்தரியும் ஊதாக் கத்தரியும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தால் விதை கலப்படமாகும். மொட்டு மலரும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தால் போதும்.

பூசணி, சுரை, பீர்க்கு, பாகல், புடலை ஆகிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இவற்றுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதே பாதுகாப்பு. பூசணி விடியற்காலையில் மலரும். மறுநாள் மலர இருக்கும் மொட்டின் நுனி முதல் நாள் மாலையிலேயே மஞ்சளாகத் தெரியும். ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் நுனியையும் நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் தடவி, மறுபடியும் கட்டிவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. அவற்றுக்கு இந்த வேலையை மாலையில் செய்ய வேண்டும். ஊருக்கு நாலைந்து காய் போதும் என்பதால் இது பெரிய வேலையும் அல்ல. பள்ளிப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகவே செய்கிறார்கள்.

தைப்பட்டத்தில் கீரை, வெள்ளரி, பாகல், புடலை போடலாம். பந்தல் அவரையின் பழைய நாட்டு ரகங்களை இந்தப் பட்டத்தில் போடக் கூடாது. பகல் குறுகும் பருவத்தில்தான் அவை பூக்கும். தையில் விதைத்தால் கொடி பந்தலை மூடுமே தவிர, காய் காண முடியாது.

பொங்கலை ஒட்டிப் பல ஊர்களில் காய்கறிப் போட்டி வைத்து, பெரிய பூசணிக்குப் பரிசு தருகிறார்கள். வேடிக்கைக்கு அது நன்றுதான். ஆனால் சங்கத்தில் வாங்கிய விதையை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தவருக்கும் ஒரு பரிசு வைத்தால் சங்கத்துக்குப் பயன் உண்டு.

மாசி, பங்குனி: விதை எடுத்தல்

நன்கு பழுத்த தக்காளியைப் பிசைந்து, மண்சட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ ஒரு நாள் புளிக்க வைக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு அலசினால் சதை பிரிந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு விதை மிதக்கும். கத்தரிக்காய் மஞ்சளாக முற்றிய பிறகே பறிக்க வேண்டும். வெண்டை காய்ந்து, விளிம்பில் மயிரிழைபோல் வெடிப்பு தெரியும்போது எடுக்க வேண்டும். சுரையில் விதை எடுக்கும் கொடியின் பிஞ்சு ஒன்றை நறுக்கி, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது அவசியம். கசந்தால் உடனே துப்பிவிட்டு, அந்தக் கொடியையே நீக்கிவிட வேண்டும். கசக்கும் சுரைக்காய் நஞ்சு. அதை எக்காரணம் கொண்டும் சமைக்கக் கூடாது.

விதையை முதலில் நிழலிலும், பிறகு காலை, மாலை இளவெயிலிலும் துணிமேல் பரப்பிக் காயவிட வேண்டும். உச்சி வெயில் ஆகாது. காய்ந்த விதையைச் சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து, புட்டியிலோ சுரைக்குடுக்கையிலோ வாய் இறுக மூடி வைக்கலாம். எந்த வீட்டுச் செடி, எந்த மாதம் எடுத்தது என்று எழுதிய சீட்டு உள்ளே இருக்க வேண்டும். விதை முழுவதையும் ஒரே வீட்டில் வைக்காமல் இரண்டு வீடுகளில் வைப்பது நல்லது. எலியும் ஒழுகும் கூரையும் எந்த வீட்டுக்கும் வரலாம். வெங்காய விதை மட்டும் ஓராண்டுக்குள் உயிரிழந்துவிடும் என்பதால் அதைச் சேமித்து வைக்க வேண்டாம்.

கோடையில் செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசியில் தண்ணீர் இல்லை என்று சங்கம் கூடுவதே இல்லை. உண்மையில் குழியெடுப்பதும் மட்கிய குப்பையைப் பிரித்துக் கொடுப்பதும் இப்போதுதான் நடக்க வேண்டும். குளிக்கும் நீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம். 1 முருங்கை, விதைத்த ஆறாம் மாதமே காய்க்கத் தொடங்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும்.

வைகாசிக் கடைசியில் முளைப்புச் சோதனை தவறக் கூடாது. ஒவ்வொரு விதையிலும் நூறு எண்ணி, ஈரத்துணியில் சுருட்டி வைத்து முளைத்ததை எண்ண வேண்டும். தக்காளி, கத்தரி என்றால் 70, வெண்டை 65, மிளகாய் 60 ஆவது முளைக்க வேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரண்டு வாரம் வரை பொறுக்கலாம். எண்ணிக்கை குறைந்தால் வேறு விதை தேட இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கும். ஆடியில் விதைத்த பிறகு தெரிந்தால் பட்டமே போய்விடும்.

ஆனியில் தண்ணீர் வசதியுள்ள ஒரு வீட்டில் பொது நாற்றங்கால் போட வேண்டும். தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் ஆகும் என்பதால் மிளகாயை முதலில் விதைக்க வேண்டும். நாற்றழுகலைத் தவிர்க்க மேட்டுப்பாத்தியும், கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடியும் உதவும். இதே சமயத்தில் வேப்பம்பழம் உதிரும். பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் காய வைத்த கொட்டை, மூன்று மாதம் கழித்து ஐப்பசியில் பூச்சி வரும்போது கைகொடுக்கும்.

ஆடி முதல் கார்த்திகை வரை

நடவு பற்றி உழவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பூச்சிக்கு மட்டும் ஊர்க் கட்டுப்பாடு வேண்டும். பாகல், பீர்க்கில் பழ ஈ விழுந்த காய்களை ஒரு வீட்டில் மட்டும் பொறுக்கிப் புதைத்தால் பயனில்லை. அடுத்த வீட்டுக் காயிலிருந்து ஈ புறப்பட்டு வரும். வாரம் ஒரு நாள் குறித்து, தெரு முழுவதும் சொத்தைக் காய்களைப் பொறுக்கி ஓரடி ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டும். கத்தரியில் வாடிய நுனித்தண்டைக் கிள்ளி அழிப்பதும், நரம்பு மஞ்சளான வெண்டைச் செடியைப் பிடுங்குவதும் அதே நாளில் நடக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு வீதம் இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பு கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.

பாகல் ஒரு வீட்டில் கூடை கூடையாகவும் அடுத்த வீட்டில் ஒன்றுமில்லாமலும் இருக்கும் மாதங்களும் இவைதான். முதலில் உறுப்பினர்களுக்குள் மாற்றிக்கொண்டு, மீதியை ஒருவர் பொறுப்பில் விற்கலாம். 1999-ல் மதுரையில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிய உழவர் சந்தைகளில் விற்க அடையாள அட்டை வேண்டும். அறுவடைக்கு முன்பே விண்ணப்பித்து வைப்பது நல்லது. விற்ற பணத்தில் ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் சங்கத்தில் சேர்த்தால், மார்கழியில் வேண்டிய துணிப்பைக்கும் விதைப் புட்டிக்கும் யாரிடமும் கேட்க வேண்டியிராது.