அறுபது வயதிலும் டிரையத்லான்: நிதானமாகத் தொடங்குங்கள்

நீச்சல், சைக்கிளோட்டம், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வதே டிரையத்லான். ‘ஸ்பிரின்ட்’ பிரிவில் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிளோட்டி, 5 கிலோமீட்டர் ஓடவேண்டும். வயது தடையில்லை; அவசரம்தான் ஆபத்து.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்
நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ஆலோசனை பெற்ற பிறகே தொடங்குங்கள். மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படிப்படியாகப் பழகுங்கள்
• ஒரு நாள் நீச்சல், ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் விறுவிறுப்பான நடை. இடையில் ஓய்வு நாள்கள் தேவை.
• பயிற்சியின்போது பேச முடியவேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.
• சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் கனக்கும். உடனே ஓடாமல் 10 நிமிடம் நடந்து பழகுங்கள்.
• உயிர்காப்பாளர் உள்ள குளத்தில், துணையோடு நீந்துங்கள்.

தேவையான பொருள்கள்
நீச்சலுடை, நீச்சல் கண்ணாடி, பிரேக் சரியாக உள்ள சைக்கிள், தலைக்கவசம், காலுக்குப் பொருந்தும் காலணி, தண்ணீர். விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. சிங்கப்பூரில் சாலையில் சைக்கிளோட்டத் தலைக்கவசம் கட்டாயம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மிட்டாய் வைத்திருங்கள்.

உடனே நிறுத்துங்கள்
நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்காதீர்கள். பயிற்சியை நிறுத்தி, 995 எண்ணை அழையுங்கள்.