முதலில் வாசல், அப்புறம் கம்ப்யூட்டர்

நெல்லிக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தரக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ரிட்டையரான ஒரு கணக்கு வாத்தியார் சொல்வது:

1. கம்ப்யூட்டர் இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு வேலையைச் சின்னச் சின்னக் கட்டளைகளாகப் பிரித்து, வரிசை பிசகாமல் சொல்வதுதான் கோடிங். அதைப் பழக வாசலும் சாக்பீசும் போதும்.

2. கோலத்தில் ஆரம்பியுங்கள். கோல நோட்டில் ‘இடைப்புள்ளி 7, 4-ல் நிறுத்து’ என்று ஒரு வரி இருக்கும். எங்கே தொடங்குவது, எதைத் திரும்பத் திரும்பச் செய்வது, எப்போது நிறுத்துவது, மூன்றும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. நடுவரிசையில் 7 புள்ளி; மேலேயும் கீழேயும் 6, 5, 4. மாவைத் தொடுமுன் மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். 37 என்று சொன்ன பிள்ளையிடம், ‘9-ல் தொடங்கி 5-ல் நிறுத்தினால்?’ என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அது போட்டுப் பார்க்கட்டும். இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சொல்லுங்கள். அங்கே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கண விதிகள் வகுத்து, 1974-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

3. அடுத்தது மிஷின் விளையாட்டு. ஒரு பிள்ளை மிஷின், இன்னொரு பிள்ளை கட்டளை இடும். சொன்னதை மட்டுமே மிஷின் செய்ய வேண்டும். ‘நட’ என்றால் நடந்துகொண்டே போய்ச் சுவரில் கை வைத்து நிற்கும். ‘எத்தனை அடின்னு சொல்லவே இல்லையே!’ என்று மற்றவர்கள் கத்துவார்கள். அந்த நிமிஷத்தில் பாடம் ஏறிவிடும். பிறகு, ‘5 அடி நட, வலப்பக்கம் திரும்பு, இதையே 4 தடவை செய்’ என்று சொல்லவைத்தால் தரையில் ஒரு சதுரம் வந்துவிடும். 1967-ல் சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் மற்றவர்களும் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய லோகோ மொழியில், பின்னாளில் ‘ஆமை’ என்ற சின்ன ரோபோவை ஓட்டியதும் இப்படித்தான்.

4. தப்பு வந்தால் திட்டாதீர்கள், நீங்களே திருத்தியும் கொடுக்காதீர்கள். எந்த வரியில் தப்பு என்று பிள்ளை தேடட்டும்.

5. ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வையுங்கள். 14-ம் தேதி வேண்டுமா? 8, 4, 2 மூன்றையும் நிமிர்த்து, மற்ற இரண்டையும் கவிழ்த்துவிடு. மாதத்தின் 31 தேதிகளையும் இந்த ஐந்து அட்டைகளிலேயே காட்டிவிடலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பிறந்த தேதியைக் காட்டட்டும். கம்ப்யூட்டர் எண்ணை வைத்துக்கொள்வதும் இதே முறையில்தான்.

6. ஊரிலிருந்தே உதாரணம் எடுங்கள். 1842 முதல் சர்க்கரை ஆலை உள்ள ஊர் இது. நடவுத் தேதியையும் ரகத்தையும் பார்த்து ஆலை வெட்டு உத்தரவு கொடுப்பது கரும்புக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். பத்துத் துண்டுச் சீட்டில் பத்து நடவுத் தேதி எழுதிக் கொடுங்கள். கம்ப்யூட்டரைப் போல, ஒரு தடவைக்கு இரண்டு சீட்டை மட்டும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

7. இதற்கெல்லாம் பிறகு திரை. ஐந்து முதல் ஏழு வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற கோடிங் மொழி; எட்டு வயதுக்கு மேல் ஸ்கிராட்ச். ஸ்கிராட்ச், எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல் வெளியிட்டது, காசு கிடையாது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். இங்கிலீஷைக் கண்டு மிரளும் பெரிய பிள்ளைக்கு, முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியைக் காட்டுங்கள். ‘பதிப்பி’ என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம்.

8. பெற்றோரிடம் கோடிக் கணக்கில் சம்பளம் என்று ஆசை காட்டாதீர்கள். 2020-ல் அப்படி வந்த கோடிங் வகுப்பு விளம்பரங்கள் சிலவற்றை நீக்கும்படி இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலே சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை யோசிக்கப் பழகும் என்று சொல்லுங்கள். அது உண்மை, அது போதும்.

9. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறட்டும். பையன்கள் தட்ட, பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்க்கும் வகுப்பாக உங்கள் வகுப்பை விட்டுவிடாதீர்கள்.