தூண்டில் ரீலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கரையில் என் மாணவன் ஒருவனும் நானும் நின்றுகொண்டிருந்தோம். அவன் கையில் புதிய தூண்டில் கோல். அதில், துபாயில் வேலை பார்க்கும் அவனுடைய அண்ணன் வாங்கி அனுப்பிய ரீல். நூலின் முனையில் ரப்பரால் செய்த ஒரு தவளை. உண்மைத் தவளை என்று ஏமாந்து விரால் மீன் கவ்வுவதற்கான போலி இரை அது.

மாணவன் கோலைப் பின்னால் சாய்த்து ஓங்கி வீசினான். தவளை பத்து மீட்டர்கூடப் போகவில்லை. ரீலுக்குள் 'சர்ர்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் உருளை முழுவதும் நூல் குருவிக்கூடு போலப் பொங்கி நின்றது! அரை மணி நேரம் முயன்றும் சிக்கு அவிழவில்லை. கடைசியில் அவன் கத்தியால் நூலை அறுத்து, இருபது மீட்டர் நைலானைக் கரையில் வீசிவிட்டான்.

அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். "தம்பி, அதைப் பொறுக்கிக்கிட்டுப் போப்பா. கொக்குக் காலுல மாட்டிக்கிட்டா அது பறக்க மாட்டாமச் செத்துப்போகும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நைலான் மக்குவதில்லை. முதுகுளத்தூரை அடுத்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989-இல் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. 2022-க்குள் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. நாரையும் கொக்கும் நடக்கும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நூல் கிடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் அந்த ரீல் மோசமானதா? இல்லை. வீசிய இரைக்கும் ரீலுக்கும் பொருத்தமில்லை, அவ்வளவுதான். அந்தப் பொருத்தத்தைக் காண உங்கள் இயற்பியல் பாடப் புத்தகமே போதும். எப்படி என்று பார்ப்போம்.

நூல் ஏன் சிக்குகிறது?

பாம்பன், மண்டபம் கரைகளில் கைத்தூண்டில் வீசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நூலைக் காலடியில் வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டு, ஈயக்குண்டு கட்டிய முனையைச் சுழற்றி எறிவார்கள். குண்டு இழுக்க இழுக்க வளையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போகும். குண்டு நின்றால் நூலும் நின்றுவிடும். இங்கே எதுவும் சுழலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'பெய்ட்காஸ்டிங் ரீல்' என்று கடைகளில் விற்கும் ரீல் அப்படிப்பட்டதன்று. அதில் நூல் சுற்றிய உருளை கோலுக்குக் குறுக்காக அமைந்திருக்கும். வீசும்போது பற்சக்கரங்களின் பிடி விலகி, உருளை தனியே சுழலும். இரை எவ்வளவு வேகமாகப் பறக்கிறதோ, அவ்வளவு வேகமாக உருளையும் சுழன்று நூலை விட வேண்டும்.

அந்த வேகம் எவ்வளவு? உருளையின் ஆரம் 2 செ.மீ. என்க. அதன் சுற்றளவு ஏறத்தாழ 12.6 செ.மீ. இரை நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் உருளை நொடிக்கு ஏறக்குறைய 200 முறை சுழல வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 12,000 சுற்றுகள்!

இனிதான் சிக்கல் தொடங்குகிறது. காற்றின் தடையால் இரையின் வேகம் குறைகிறது. நொடிக்கு 15 மீட்டராகக் குறைந்துவிட்டது என்க. ஆனால் உருளைக்கு அது தெரியாது. நிலைமத்தால் அது பழைய வேகத்திலேயே சுழலும். உருளை விடுவது நொடிக்கு 25 மீட்டர். இரை எடுத்துச் செல்வது 15 மீட்டர். பத்தில் ஒரு நொடிக்குள் ஒரு மீட்டர் நூல் போக இடமின்றி உருளையைச் சுற்றிப் பொங்கிவிடும். குருவிக்கூடு உண்டாவது இப்படித்தான்.

முதல் கேள்வி: உருளை எவ்வளவு கனம்?

நாம் கோலை வீசும்போது கொடுக்கும் ஆற்றலை இரை மட்டும் பெறுவதில்லை. உருளையும் பங்கு கேட்கிறது. உருளையையும் அதிலுள்ள நூலையும் சேர்த்துச் சீரான திண்ம வட்டாகக் கொள்வோம். வட்டின் நிலைமத் திருப்புத்திறன் ½மஆ² (ம - நிறை, ஆ - ஆரம்) என்று படித்திருக்கிறீர்கள். இதன்படி, விளிம்பு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது வட்டின் இயக்க ஆற்றல், அதே வேகத்தில் நேராகப் பறக்கும் பாதி நிறையுள்ள பொருளின் ஆற்றலுக்குச் சமம். 60 கிராம் உருளை, 30 கிராம் பொருள்போல் நடந்துகொள்ளும்.

என் மாணவனுடைய ரீல் கடலுக்கான பெரிய ரீல். நூலோடு சேர்ந்து உருளையின் நிறை 60 கிராம், ரப்பர்த் தவளை 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆற்றலில் 30/40, அதாவது முக்கால் பங்கு, உருளைக்குப் போய்விட்டது. தவளைக்குக் கிடைத்தது கால் பங்குதான். இதற்குப் பதில் 20 கிராம் உருளையை வைத்தால் இருவருக்கும் பாதிப் பாதி. பெரிய உருளையே இருக்கட்டும் என்று 30 கிராம் இரையைக் கட்டினாலும் பாதிப் பாதிதான்.

எனவே முதலில் தீர்மானிக்க வேண்டியது ரீலை அன்று, இரையின் நிறையை. கண்மாயில் விராலுக்கு 10 முதல் 15 கிராம் இரை வீசப்போகிறீர்களா? ஆழம் குறைந்த, லேசான உருளை வேண்டும். கடற்கரையில் நின்று பாறை மீனுக்கு 40 கிராம் உலோக இரை வீசப்போகிறீர்களா? நிறைய நூல் கொள்ளும் பெரிய உருளை வேண்டும். ஒரே ரீல் இரண்டையும் செய்யும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி: தடை எவ்வகை?

உருளை மிகையாகச் சுழல்வதைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உருளையின் அச்சை இலேசாக அழுத்தும் பக்கத் திருகு. இது ஏறக்குறைய மாறாத உராய்வைத் தரும்.

இரண்டாவது மையவிலக்குத் தடை. உருளையோடு சேர்ந்து சுழலும் சிறு கட்டைகள் வேகத்தால் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். அவை உரசும் விசை கோணத் திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. வேகம் பாதியானால் தடை கால் பங்கு. ஆகவே இது வீச்சின் தொடக்கத்தில் வலுவாகப் பிடித்து, பிறகு தளர்ந்துவிடும்.

மூன்றாவது காந்தத் தடை. ரீலின் பக்கத் தட்டில் சிறு காந்தங்கள் இருக்கும். உருளையோ அலுமினியம். காந்தம் அலுமினியத்தை இழுக்காதே, பிறகு எப்படித் தடுக்கும் என்று கேட்பீர்கள். காந்தப் புலத்தில் கடத்தி சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. லென்ஸ் விதிப்படி அவை தம்மைத் தோற்றுவித்த இயக்கத்தையே எதிர்க்கின்றன. பழைய வீடுகளின் மின்சார மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு மெல்லச் சுழல்வதைப் பார்த்திருக்கலாம். அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததும் இதே தத்துவம்தான். இந்தத் தடை ஏறத்தாழ வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் வீச்சின் பிற்பகுதியிலும் கை கொடுக்கும். எங்கும் உரசாததால் தேய்மானமும் இல்லை.

புதிதாகப் பழகுவோருக்கு வெளியிலிருந்தே திருகிக் கூட்டிக் குறைக்கும் காந்தத் தடை வசதியானது. முதல் நாள் தடையை முழுவதும் வைத்து வீசுங்கள். கை பழகப் பழகச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். எந்தத் தடை இருந்தாலும், இரை தண்ணீரைத் தொடும் நேரத்தில் கட்டைவிரலால் உருளையை நிறுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு.

மூன்றாவது கேள்வி: பல் விகிதம் என்ன?

பெட்டியின்மேல் 5:1 என்றோ 8:1 என்றோ அச்சிட்டிருப்பார்கள். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை எத்தனை சுற்றுச் சுழலும் என்பதே அது. நம் 12.6 செ.மீ. சுற்றளவுள்ள உருளையில், 5:1 ரீல் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. நூலை இழுக்கும், 8:1 ரீல் ஒரு மீட்டர் இழுக்கும்.

அப்படியானால் 8:1 தானே சிறந்தது? அவசரப்படாதீர்கள்! ஆற்றல் அழிவின்மை விதி யாரையும் விடாது. கைப்பிடியின் நீளம் 5 செ.மீ. என்க. உராய்வைப் புறக்கணித்துவிட்டால், கையால் 2 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுக்கும்போது 5:1 ரீல் நூலை 1 கிலோ விசையோடு இழுக்கும். 8:1 ரீலில் கிடைப்பது சுமார் 0.6 கிலோதான். வேகத்தில் பெற்றதை விசையில் இழந்தோம். தாமரைக் கொடிக்குள் பாய முயலும் விராலை விரைந்து வெளியே இழுக்க வேகம் உதவும். ஆழத்தில் தண்ணீரை எதிர்த்து வரும் கனமான இரையை இழுக்கக் குறைந்த விகிதமே நல்லது. நடுத்தரமாக 6:1-க்கும் 7:1-க்கும் இடைப்பட்டது பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

நான்காவது கேள்வி: இழுவைப் பிடி சீராக இருக்கிறதா?

பெரிய மீன் பாயும்போது நூல் அறாமல் இருக்க, ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் உருளை வழுக்கி நூலை விட வேண்டும். கைப்பிடிக்கு அருகிலுள்ள நட்சத்திர வடிவத் திருகால் அந்த அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். நூல் தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 6 கிலோ தாங்கும் நூலுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. இதை அளக்க உங்கள் பள்ளி ஆய்வகத்தின் வில்தராசே போதும். நூல் முனையைத் தராசில் மாட்டி மெல்ல இழுங்கள். முள் துள்ளாமல் ஒரே இடத்தில் நின்றால் பிடி சீரானது. விட்டுவிட்டுத் துள்ளினால் அந்த ரீலை வாங்காதீர்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருகு தருவது மாறாத திருப்பு விசை. நூல் வெளியேற வெளியேற உருளையில் சுற்றின் ஆரம் குறைகிறது. ஆரம் பாதியானால், நூலின் இழுவிசை இரு மடங்காகும்! 2 கிலோ என்று வைத்தது நமக்குத் தெரியாமலே 4 கிலோ ஆகிவிடும். மீன் தூரம் போகப் போகத் திருகைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

கடிகாரக்காரர் தந்த கருவி

பற்சக்கரமும் நுண்ணிய அச்சும் கொண்ட இந்தக் கருவியைச் செம்மைப்படுத்தியவர்களில் கடிகாரம் செய்தவர்களும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் இத்தகைய ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். 1950களில் இவ்வகை ரீல்களால் புகழ்பெற்ற ஸ்வீடனின் ஆபு நிறுவனமும் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதே.

கடிகாரத்தைப் போலவே இதற்கும் உப்பு பகை. தனுஷ்கோடியிலோ பாம்பனிலோ பயன்படுத்தினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் மெல்ல அலசித் துடைத்து உலர்த்துங்கள். 'பத்துப் பேரிங்' என்று பெட்டியில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். துருப்பிடிக்கும் பத்தைவிட, துருப்பிடிக்காத நான்கு மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரணாலயக் கண்மாய்களிலும், 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றியும் தூண்டில் போடக் கூடாது. மற்றக் கண்மாய்களிலும் குத்தகைதாரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் விராலைக் கண்டால் விட்டுவிடுங்கள். காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

செய்து பாருங்கள்: இரையைக் கட்டி, கோலைக் கிடையாகப் பிடித்து உருளையை விடுவியுங்கள். இரை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை உடனே நிற்கும்வரை பக்கத் திருகை முடுக்குங்கள். பிறகு இரட்டிப்பு நிறையுள்ள இரையைக் கட்டித் திரும்பச் செய்யுங்கள். திருகை ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்குக் காரணம் எழுதுங்கள்.

என் மாணவன் அடுத்த வாரம் ஒரு சிறிய ரீலை இரவல் வாங்கி வந்தான். காந்தத் தடையை முழுவதும் வைத்து அதே தவளையை வீசினான். இருபது மீட்டருக்கு மேல் போய் விழுந்தது. ஒரு சிக்கும் இல்லை. விரால் கிடைத்ததா என்கிறீர்களா? இல்லை. ஆனால் திரும்பும்போது அவன் சட்டைப் பையில் ஒரு நைலான் சுருள் இருந்தது. முந்திய வாரம் யாரோ அறுத்துப் போட்டது. கரையில் கிடந்ததைப் பொறுக்கி எடுத்திருந்தான்.