வெந்நீர்க் குழாய் நின்றது ஏன்?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் பழையசீவரம். அதற்கு எதிரே, ஆற்றின் அக்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று உண்டு. நோயாளிகள் பதினைவர் படுத்திருக்கத்தக்க ஆதுலர்சாலை ஒன்று அங்கு நடைபெற்றதையும், மருத்துவரும், அறுவை செய்வோரும், மருந்து கொணர்வோரும், பணிப்பெண்டிரும் அதில் அமர்த்தப்பெற்றிருந்ததையும் அது கூறுகின்றது. மருத்துவம் அந்நாளிலேயே இத்துணைச் சிறப்புற்றிருந்தது நாம் எண்ணி மகிழத்தக்கதன்றோ?

நோய் இன்னது என்றும், அது வந்த காரணம் இன்னது என்றும் அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் மருத்துவ முறையாகும். வள்ளுவர் பெருமானும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் இம்முறையையே வற்புறுத்தியுள்ளார். இது மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் நாள்தோறும் வழங்கும் கருவிகளுக்கும் பொருந்தும். வெந்நீர்க் குழாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை அறிவோம்.

முன்னாளில் வீட்டுப் புறக்கடையில் அடுப்பு மூட்டி, செப்புத் தவலையில் நீர் காய்ச்சுவர். இந்நாளில் சிற்றூர் வீடுகள் பலவற்றிலும் மின்சாரத்தால் நீரைச் சுடவைக்கும் கொதிகலன் இடம்பெற்றுவிட்டது. மக்கள் இதனைக் 'கீசர்' என்பர். ஐசுலாந்துத் தீவில் நிலத்தினின்று பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் பெயரே இவ்வாறு திரிந்து வழங்குகின்றது. 1868ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் மாகன் என்பவர், எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவி ஒன்றை அமைத்து, அதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

வெம்மை நீர் வெந்நீர். தண்மை நீர் தண்ணீர். தண்ணீர் என்னும் சொல் இன்று எல்லா நீருக்கும் பொதுவாயிற்று. 'சுடுதண்ணீர்' என்றுகூடச் சொல்லுகின்றோம். ஆயினும் கொதிகலன் வேலை செய்யும் முறையை அறிவதற்கு, இவ்விரு சொற்களின் பழம்பொருளையே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர், கலத்தின் அடிப்புறத்தில் புகுகின்றது. சூடான நீர் கனம் குறைந்து மேற்புறத்தில் நிற்கின்றது. குழாயைத் திறந்தவுடன், கீழே புகும் தண்ணீர் மேலே நிற்கும் வெந்நீரை வெளியே தள்ளுகின்றது. ஆகவே, தண்ணீர் உட்புகாவிடில் வெந்நீர் வெளிவராது. கலம் நிறைய வெந்நீர் இருந்தும் குழாயில் ஒரு துளியும் வாராமற் போவதன் மறைபொருள் இதுவே.

மார்கழி மாதத்து விடியற்காலையில், பழையசீவரத்தில் ஒரு வீட்டில் வெந்நீர்க் குழாய் நின்றுவிட்டதாகக் கொள்வோம். 'கொதிகலன் கெட்டுவிட்டது, புதியது வாங்குக' என்பார் ஒருவர். குழாயைக் கல்லால் தட்டுவார் மற்றொருவர். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்ற முனைவார் இன்னொருவர். முதல் செயல் பொருளை அழிக்கும்; இரண்டாவது குழாயை அழிக்கும்; மூன்றாவதோ உயிரையே அழிக்கும். அறிவுடையார் முதற்கண் மின்விசையை நிறுத்துவர். அதன் பின்னர்ச் சில வினாக்களை முறையாக எழுப்புவர்.

அருகிலுள்ள தண்ணீர்க் குழாயில் நீர் வருகின்றதா என்பது முதல் வினா. அதிலும் வரவில்லையெனின், மேல்நிலைத் தொட்டி வறண்டிருத்தல் கூடும். கொதிகலன்மீது குற்றம் இல்லை. வீட்டிலுள்ள வேறு வெந்நீர்க் குழாயில் நீர் வருகின்றதா என்பது இரண்டாம் வினா. அங்கு வருமாயின், குறை நின்றுபோன குழாயின் வாயிலோ, திருகிலோ, வாஷரிலோ, அதற்குச் செல்லும் கிளைக் குழாயிலோதான் உள்ளது. எங்கும் வாராவிடின், கொதிகலனுக்குத் தண்ணீர் செல்லும் வழியையும் வெந்நீர் வெளிவரும் வழியையும் ஆராய்தல் வேண்டும். பழுது பார்த்தபோது வால்வை மூடியவர், அதனைத் திறக்க மறந்து சென்றிருத்தலும் உண்டு. நீர் எவ்வாறு நின்றது என்பது மூன்றாம் வினா. திடீரென நின்றதா? பல திங்களாகச் சிறுகச் சிறுகக் குறைந்து நின்றதா? தொட்டி வறண்டு மீண்டும் நிரம்பிய பின்னர் நின்றதா? இதற்குக் கிடைக்கும் விடையே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

சிறுகச் சிறுகக் குறைந்ததாயின், பெரும்பாலும் சுண்ணப் படிவே காரணமாகும். நிலத்தடி நீர், மண்ணிலும் பாறையிலும் உள்ள சுண்ணப் பொருளையும் மக்னீசியப் பொருளையும் கரைத்துக்கொண்டு வருகின்றது. இவை மிக்க நீர் கடின நீர் எனப்படும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. உப்பும் சர்க்கரையும் வெந்நீரில் நன்கு கரையும். சுண்ணப் படிவோ இதற்கு மாறானது. நீர் சூடேற ஏற, அது பிரிந்து வெண்ணிறப் பொருக்காகப் படிகின்றது. தண்ணீர்க் குழாய் நன்றாயிருக்க, வெந்நீர்க் குழாய் மட்டும் அடைபடுவது இதனாலேயே. குழாய் வாயிலுள்ள சிறு வலையைக் கழற்றி, புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துத் துலக்கினால் பொருக்கு நீங்கும். செப்புப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்கும் நம் தாய்மார்க்குப் புளிப்பின் இவ்வாற்றல் புதிதன்று.

தொட்டி வறண்டு நிரம்பிய பின்னர் நீர் நின்றதாயின், குழாயினுள் காற்று தங்கியிருத்தல் கூடும். கதவு நிலைக்கு மேலாக ஏறி இறங்கும் குழாயின் வளைவில் காற்று தங்கி, நீருக்கு வழிவிடாமல் நிற்கும். ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்திற்கு ஒப்பாகும். 3 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டியோ அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தருவதில்லை. அச்சிறு அழுத்தம் காற்றைத் தள்ள இயலாமல் தோற்கின்றது. தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாய்கள் அனைத்தையும் திறந்துவைத்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறுதல் உண்டு. வளைவின்றிச் சீரான சரிவில் குழாய் அமைப்பதும், காற்றுப்போக்கி வைப்பதும் நிலையான மருந்தாகும்.

இனி, இதில் உள்ள பேராபத்து ஒன்றனை அறிதல் வேண்டும். நீர் சூடேறினால் விரியும். 25 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 65 பாகை வரை சூடாக்கினால், அதன் அளவு 400 மில்லிலிட்டருக்குச் சற்று மேலாகவே மிகும். அம்மிகுதி வெளியேறுதற்காகவே கொதிகலனில் பாதுகாப்பு வால்வு வைக்கப்பெற்றுள்ளது. அதிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு, 'வீணாகின்றதே' என்று அதனை அடைத்துவிடுவாரும் உளர். இது பெரும் பேதைமை. வெந்நீர் வழியும் அடைபட்டு, பாதுகாப்பு வழியும் அடைபட்டு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவியும் பழுதுபடுமாயின் கலம் வெடித்துச் சிதறும். கலத்தில் நீரே இல்லாதபோது மின்சாரம் பாய்ந்தால், சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்து கெடும். ஆதலின், வெந்நீர் வரவில்லை என்று பன்முறை விசையை முடுக்கிப் பார்த்தல் தகாது. வலையைக் கழுவுதலும் வால்வைப் பார்த்தலும் வீட்டார் செய்யத்தக்கன. கலத்தைத் திறத்தலும் மின்கம்பியைத் தொடுதலும் பயின்ற தொழிலாளர்க்கே உரியன.

குழாய் பேசாது, ஆயினும் நின்றுபோவதனால் தன் குறையைத் தெரிவிக்கின்றது. அக்குறிப்பை உணர்ந்து, எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் ஆராய்ந்து, காரணம் கண்ட பின்னரே கைவைத்தல் அறிவுடைமை. இப்பழக்கம் இளமையில் அமையுமாயின், குழாய் பழுதுற்றபோது மட்டுமன்றி, வாழ்க்கையில் இடர் வந்துற்றபோதும் கலங்காது வழி காணும் ஆற்றல் கைகூடும்.

பயிற்சி

1. கலத்தில் வெந்நீர் இருந்தும் குழாயில் வாராமை ஏன்?
2. தண்ணீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாய் விரைவில் அடைபடுவதற்குக் காரணம் யாது?
3. பாதுகாப்பு வால்வை அடைத்தலால் நேரும் தீங்கினை விளக்குக.
4. உங்கள் வீட்டில் ஒரு கருவி பழுதுற்றால் எவ்வெவ்வினாக்களை எம்முறையில் எழுப்புவீர்கள்? ஒரு பத்தியில் எழுதுக.