குதிரையின் குளம்பும் லாடமும்

நெடுந்தீவிற் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் லாடத்தை அறியா. முருகைக்கற் பூமியில் மேய்ச்சலும் நீரும் தேடி நாள்தோறும் நடப்பதால், அவற்றின் குளம்பு வளர வளரத் தேய்ந்துவிடுகின்றது. நுவரெலியாவில் உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்கும் குதிரையின் நிலைமை வேறு. ஈரத்தில் நின்று மென்மையடைந்த குளம்புடன், ஆளையும் ஏற்றிக்கொண்டு தார் வீதியில் நடக்கும் குதிரைக்கு, வளர்ச்சியிலும் தேய்வு மிஞ்சக்கூடும். ஆகவே ஒன்றுக்கு நன்றாயிருப்பதைக் கொண்டு மற்றதற்கு விதி செய்தலாகாது.

குளம்பின் வெளிச்சுவர் நகத்தையொத்த பொருளாலானது; மாதமொன்றுக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளரும். அதில் உணர்ச்சியில்லை. அதற்கும் அடித்தளத்துக்கும் இடையே வெளிறிய கோடொன்று காணப்படும். அக்கோட்டுக்கு உட்புறத்தில் உயிருள்ள தசை இருப்பதால், லாட ஆணி அதற்கு வெளியேதான் இறங்க வேண்டும். பாதத்தின் பிற்பகுதியில் முக்கோண வடிவான மெத்தை போன்ற பாகம் உண்டு. குதிரை காலூன்றும்போது குதிப்புறம் சற்று விரிந்து அதிர்ச்சியைத் தாங்கும். இரும்பு லாடம் இவ்விரிவை ஓரளவு தடுக்கின்றது. ஆதலின் குளம்பின் மிக அகன்ற இடத்துக்குப் பின்னால் ஆணி அறைதல் கூடாது.

லாடமடித்ததும் பராமரிப்பு முடிந்ததென எண்ணுவோர் பலர். உண்மையில் அப்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். லாடத்தின் மேலுள்ள குளம்பு தேயாது வளர்ந்துகொண்டே போகும். விரற்புறம் நீண்டால் காலின் தசைநாண்கள் இழுபட்டு நொண்டுதல் உண்டாகும். லாடம் தேயாதிருப்பினும் 6 முதல் 8 வாரங்களுக்கொருமுறை அதைக் கழற்றி, குளம்பைச் சீவி, அரத்தாற் சமப்படுத்தியே மீண்டும் பொருத்த வேண்டும். இச்செலவை மிச்சம் பிடிப்பவர் ஈற்றில் குதிரையின் உழைப்பையே இழப்பர்.

மண்தரையில் மட்டும் இலேசான வேலை செய்யும் குதிரைக்கு லாடம் வேண்டியதில்லை. குளம்பைச் சீவிவிடுதல் போதும். ஆயினும் நெடுநாள் லாடமிட்ட குதிரையிலிருந்து அதைக் கழற்றி, மறுநாளே கல்வீதியில் ஓட்டுதல் கொடுமையாகும். முதலில் புற்றரையிலும் பின்னர் கடினமான தரையிலும் சிறிது சிறிதாக நடத்திப் பழக்க வேண்டும். இதற்குச் சில மாதங்கள் செல்லலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனோபோன், குளம்பு உறுதிப்படும்பொருட்டுக் குதிரை நிற்குமிடத்தில் உருண்டைக் கற்களைப் பரப்புமாறு எழுதியுள்ளார்.

இவ்விடைக்காலத்தில் இறப்பராலான குளம்புச் சப்பாத்து உதவும். காலிற் கட்டும் இரும்புப் பாதுகையை உரோமர் பயன்படுத்தினராதலால் இக்கருத்து புதியதன்று. சப்பாத்து அளவாயிருத்தல் வேண்டும். தளர்ந்தால் சுழலும், இறுகினால் குதித்தோலை உரசிப் புண்ணாக்கும். வேலை முடிந்ததும் கழற்றிக் கழுவி உலர்த்துக. உள்ளே ஈரம் தங்கினால் மெத்தைப்பாகம் அழுகிக் கரிய நிறமும் துர்நாற்றமும் கொள்ளும்.

லாடமடித்த ஓரிரு நாட்களில் குதிரை நொண்டினாலோ குளம்பு சூடாயிருந்தாலோ ஆணி தசையிற் பட்டதாகச் சந்தேகித்தல் வேண்டும். உடனே லாடத்தைக் கழற்றுவித்து மிருக வைத்தியரை அழைக்க. ஏற்புவலிக்குக் குதிரை எளிதில் இரையாகுமாதலால், முன்னர் தடுப்பூசி போடப்பட்ட திகதியையும் அவரிடம் அறிவித்தல் வேண்டும்.